இருபத்தெட்டு வெள்ளி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் லயத்தில் காசுக்கு ஏகப்பட்ட பெயர்கள் இருந்தன. காசுதான் அவ்வளவாக இருக்கவில்லை.

இரத்தினபுரி பஜாரிலிருந்து மூன்று மைல் ஏறிப்போனால் வரும் ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று எழுதிவிட்டேன். நாங்கள் அங்கே லயத்து வரிசை வீடுகளில் இருந்துகொண்டு வேலை செய்தோம் என்று எழுதுவதே சரி. அப்பா சில்லறைக் கங்காணி. இருபது பேருக்கு வேலை சொல்லி, அவர்களுக்காகத் துரையிடம் திட்டு வாங்குவது அவர் உத்தியோகம். இருபத்தைந்து சதக் காசு கைக்கு வந்தால் அதை நாலணா என்பார். ஐம்பது சதம் எட்டணா. கடல் தாண்டி வந்து பதினைந்து வருடமாகியும் அவர் வாயில் சதம் என்ற சொல் ஏறவில்லை. அம்மா பிறந்ததிலிருந்தே இலங்கைதான். ஆனாலும் அப்பாவோடு பேசிப் பேசி அவளுக்கும் அணாதான்.

வாரம் ஒருமுறை கீரையும் பலாக்காயும் கொண்டுவந்த சிங்களப் பெண்ணுக்கோ ஆறு சதம் என்றால் பனம. பன்னிரண்டு சதத்தை அவள் பனம் தெக என்பாள். பஜாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எல்லாவற்றையும் பொதுவாகச் சல்லி என்று முடித்துவிடுவார். துரை தன் குதிரையின் விலையைப் பவுனில் சொன்னதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். பவுன் என்பது எங்களுக்குக் கழுத்தில் போடுகிற நகை. ஒரு குதிரைக்கு எத்தனை சங்கிலி கொடுத்திருப்பார் என்று நான் அப்பாவிடம் கேட்டேன். அப்பா யோசித்துப் பார்த்து, அது பெரிய குதிரை என்றார்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கிருந்த கணக்குப் புத்தகம் இந்தியாவில் அச்சடித்தது. அதில் ஒரு வியாபாரி ஓயாமல் ஆடு வாங்கி விற்பான். அவன் இலாபம் ரூபாய், அணா, பைசாவில் வரும். புத்தகத்திலிருந்த காசு கடையில் இல்லை. கடையிலிருந்த காசு புத்தகத்தில் இல்லை. இதனால் பிள்ளைகள் கணக்கை வெறுத்தார்கள். எனக்கு மட்டும் அது பிடித்துப்போனது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஒரு ரூபாய்க்கு நூறு சதம், அப்படியானால் ஓரணா ஆறேகால் சதம் என்று சிலேட்டில் போட்டுப் பார்த்தேன். கீரைக்காரியின் பனமவும் அப்பாவின் ஓரணாவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தெரிந்த அன்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"அப்போ அந்தம்மாவும் நானும் இத்தனை வருசமா ஒரே பேச்சைத்தான் பேசிக்கிட்டிருக்கோமா?" என்று அப்பா கேட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இதைச் சொல்ல ஆரம்பித்தார். எங்கள் வம்சத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தக் கௌரவம் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பாரம் என்று என் மகளுக்கு சிலேட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போது இப்போது நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொண்டே அவளைத் திருத்தவும் செய்கிறேன்.

எல்லாவற்றிலும் என்னை வியக்கவைத்தது ரூபாய்தான். இலங்கைக்கென்று தனி ரூபாய்க் காசு அப்போது கிடையாது. இந்தியாவின் வெள்ளி ரூபாயே இங்கும் புழங்கியது. முழுசாக இருக்கும்வரை அது இரண்டு நாட்டுக்கும் பொது. மாற்றினால்தான் வித்தியாசம்: அங்கே மாற்றினால் அணா, இங்கே மாற்றினால் சதம். அம்மாவின் தகர டப்பாவில் ஏழு அம்மன் காசுகளும் இருந்தன. புதுக்கோட்டையில் நவராத்திரிக்கு ராஜா அரிசியோடு சேர்த்துக் கொடுக்கிற சின்னச் செப்புக் காசு, அப்பா கொண்டுவந்தது. அங்கே அதற்குக் கடலை கிடைக்குமாம். இங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். ஒரு காசுக்கு எந்த இடத்தில் மதிப்பு போய்விடுகிறது, கப்பல் புறப்படும்போதா, கரையில் இறங்கும்போதா என்று நான் யோசித்திருக்கிறேன்.

இப்படிக் காசுப் பைத்தியம் பிடித்திருந்த சமயத்தில்தான் சித்தியைப் பெண் கேட்டு வந்தார்கள்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போனபிறகு எங்கள் காம்பரா அறையில்தான் இருந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவாள்; பத்து மணிக்குப் பால் வாளியோடு திரும்புவாள். பள்ளிக்கூடம் போனதில்லை. அதிகம் பேசமாட்டாள், ஆனால் அவள் சிரித்தால் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களும் காரணம் தெரியாமல் சிரிப்பார்கள்.

வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். மலாயாவில் முப்பது வருடம் இருந்தவர், ஊருக்குத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, இரத்தினபுரிக்குப் புதிதாக விட்டிருந்த சின்ன ரயிலில் வந்து சேர்ந்தார். பதினாலாம் வருடத்துப் பெரிய யுத்தத்துக்கு ஓரிரு வருடம் முந்திய காலம் அது. ஒரு பிஸ்கட் டின், ஒரு சீட்டித் துணி, எனக்கு ஒரு செப்புக் காசு கொண்டுவந்திருந்தார். அதன் ஒரு பக்கத்தில் ராஜாவின் தலை இருந்தது. நம் காசில் இருக்கும் அதே ராஜா. இந்த ஆள் எத்தனை ஊர்க் காசில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை அங்கே ரப்பர் தோட்டத்தில் மண்டோராம். நம் கங்காணி மாதிரி என்று பெரியவர் விளக்கினார். கெட்ட பழக்கம் இல்லை. தனி வீடு. வயது இருபத்தாறு.

"சம்பளம் மாசம் இருபத்தெட்டு வெள்ளி" என்றார்.

அப்பா தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, "வெள்ளின்னா நம்ம ரூவாதானுங்களா?" என்று கேட்டார்.

"அது வேற தம்பி. நம்ம ரூவா அங்க கடையில செல்லாது. அங்க வெள்ளி. அதுக்குச் சில்லற காசு. நூறு காசு ஒரு வெள்ளி."

பெரியவர்கள் பேச்சில் தலையிடக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அடக்க முடியவில்லை. "அணாவே இல்லீங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"அணாவும் இல்ல, சதமும் இல்ல" என்று அவர் சிரித்தார். சீனன் கடையில் ஒரு பேர், மலாய்க்காரன் கடையில் ஒரு பேர், நம்மாளு வாயில் ஒரு பேர், எல்லாம் ஒரே காசுதான் என்றார். அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, ஊருக்கு நூறு ரூபாய் போகவேண்டுமென்றால் செட்டியார் கடையில் ஐம்பத்தேழு வெள்ளி கட்டவேண்டும், அதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். பேச்சு கப்பலுக்கும் மழைக்கும் போய்விட்டது. கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு எட்டாம் நாள் வருவதாகவும், அதற்குள் யோசித்துச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டு புறப்பட்டார்.

யோசிப்பதற்கு ஒன்றுதான் தடையாக இருந்தது. இருபத்தெட்டு வெள்ளி என்றால் எவ்வளவு? மாப்பிள்ளை முறைதான்; குணம் பற்றிப் பெரியவர் சொன்னதை நம்பலாம். ஆனால் ஒரு பெண்ணை இன்னொரு கடலுக்கு அப்பால் அனுப்புவதென்றால், அவன் சோறு போடுவானா என்பது தெரியவேண்டுமே. கணக்கப்பிள்ளையைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அவரைக் கேட்க முடியாது. தோட்டத்து ஆள் ஒன்று மலாயாவுக்குப் போகப் பார்க்கிறது என்று தெரிந்தால் அன்றே துரையின் காதுக்குப் போய்விடும். அதனால் விஷயம் காம்பராவின் கதவைத் தாண்டக்கூடாது என்று முடிவாயிற்று. அன்று பொழுது சாய்ந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, சிலேட்டை எடுத்துவரச் சொன்னார்.

அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் நினைவிருக்கிறதா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதும் இருக்கிறதா என்ற சந்தேகமும் உண்டு. ஆனால் இலக்கங்கள் சரி. அவற்றை மறக்க வழியில்லை.

"நூறு, அம்பத்தேழுன்னாரு" என்றார் அப்பா. "நீயும் கேட்டியே."

கேட்டேன்தான். எங்கள் இரண்டு பேர் தலையிலும் தங்கியிருந்தது அந்த இரண்டு எண்கள் மட்டும்தான். எது எந்த ஊர்க் காசு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. ஏனென்றால் கடல் தாண்டி அனுப்புகிற காசு குறைந்துதான் போய்ச்சேரும் என்பது லயத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அப்பா ஊருக்குப் பத்து ரூபாய் கொடுத்தனுப்பினால், கொண்டுபோனவர் செலவு, கொடுத்தவர் கூலி எல்லாம் போக எட்டு போய்ச்சேரும். ஒருமுறை ஆறுதான் போனது. நூறு அனுப்பினால் ஐம்பத்தேழு. மலாயா இன்னும் தூரம், ஆகவே இன்னும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

இருபத்தெட்டை ஐம்பத்தேழால் பெருக்கினேன். நூறால் வகுத்தேன்.

"பதினாறு ரூவா" என்றேன். "பதினாறுக்கு நாலு சதம் குறையுது."

அப்பா சிலேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அடுப்பில் இருந்த சோறு கொதிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லாப் பாரு புள்ள" என்றார் அப்பா.

அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் பதினாறு. தப்பான வழியில் இரண்டு தடவை போனாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச்சேர்வோம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டாவது தடவையும் அதே விடை வந்ததும் என் மனதில் இருந்த கொஞ்சநஞ்ச நடுக்கமும் போய்விட்டது. சத்தமாகச் சொன்னேன்.

"பதினாறு ரூவாய்க்கு இன்னொரு கடலா" என்றாள் அம்மா.

அப்பா, இங்கேயே ஒரு நல்ல வேலைக்காரனுக்குப் பத்துப் பன்னிரண்டு வந்துவிடும், மண்டோர் என்று சொன்னதெல்லாம் பேருக்குத்தான் போலிருக்கிறது என்றார். பெரியவர் வேண்டுமென்று ஏமாற்றியிருக்கமாட்டார், வெள்ளி வெள்ளி என்று சொல்லிப் பழகிவிட்டதில் அவருக்கே அது பெரிதாகத் தெரிகிறது என்றும் சொன்னார். அப்பாவுக்கு மற்றவர்கள்மேல் குற்றம் காண வராது. என் தலையைத் தடவி, "இந்தப் புள்ள இல்லன்னா நாமளும் வாயைப் பொளந்துக்கிட்டு இருந்திருப்போம்" என்றார்.

சித்தி அறையின் மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் நாங்கள் மூன்று பேரும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எட்டாம் நாள் பெரியவர் வந்தார். ஒருவரின் பிள்ளைக்குச் சம்பளம் போதாது என்று முகத்துக்கு நேரே சொல்வது எங்களிடையே கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஆகவே அப்பா, இந்த வருடம் பெண்ணுக்குக் காலம் சரியில்லை, ஊரில் இருக்கும் பெரியவர்களையும் கலக்கவேண்டும் என்று சுற்றிவளைத்தார். வந்தவருக்குப் புரிந்துவிட்டது. காரணம் கேட்பதும் மரியாதையில்லை என்பதால் அவரும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்திருக்கும். இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் தேநீர் குடித்தார்கள். "மனசுக்கு ஒப்பலன்னா விட்ருங்க தம்பி, அதனால சொந்தம் விட்டுப்போகாது" என்று சொல்லிவிட்டு அவர் மழைக்கு முன்னால் புறப்பட்டார்.

அவர் போய் மூன்று வாரம் இருக்கும். அம்மா என்னைப் பஜாருக்கு அனுப்பினாள். கருவாடும் மண்ணெண்ணெயும் வாங்கவேண்டும். அப்பாவின் ஆட்களில் ஒருத்தி கூட வந்தாள். அவள் துணிக்கடையில் நின்றுவிட, நான் நானாவின் கடைக்குள் போனேன். எனக்குப் பிடித்த கடை அது. நானா பலவிதக் காசுகளைப் பார்த்தவர். இரத்தினபுரியில் இரத்தினக்கல் தோண்டுகிறவன், பட்டை தீட்டுகிறவன், வாங்க வருகிறவன் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். திருவிதாங்கூர்ச் சக்கரத்தை முதன்முதலில் அவர் மேசையில்தான் பார்த்தேன். கடுகளவு காசு. கீழே விழுந்தால் அதைத் தேடுகிற நேரத்துக்குக் கூலி கட்டாது என்பார் நானா.

அன்று கடையில் ஒரு கல் வியாபாரி நின்றிருந்தார். பினாங்குக்குக் கல் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தவர். மடியிலிருந்து ஒரு பெரிய காசை எடுத்து மேசைமேல் போட்டு, மாற்றித் தரும்படி கேட்டார். நானா அதைக் கல்லில் தட்டிச் சத்தம் கேட்டார். ஒரு பக்கத்தில் நம் ராஜா. மறுபக்கத்தில் சீன எழுத்தும், குர்ஆன் எழுத்து மாதிரி ஒன்றும். எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"இதுதான் வெள்ளியா நானா?"

"ஓம் மகள், மலாயா வெள்ளி."

நானா பெட்டியைத் திறந்தார். ஐம்பத்தேழு சதம் எடுத்துவைப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு முழு ரூபாயை எடுத்துவைத்தார். அதன் பக்கத்தில் ஒரு ஐம்பது சதம். அதன் பக்கத்தில் இரண்டு பத்துச் சதம். வியாபாரி முணுமுணுத்தபடி எடுத்துக்கொண்டு போனார்.

நான் அங்கேயே நின்றேன். என்ன மகள் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க என்று நானா கேட்டார். கூடுதலாகக் கொடுத்துவிட்டீர்களே என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூடக் குடுத்தேனா? இது ஒண்டே முக்கால் ரூவா பெறும் புள்ள. நான் அஞ்சு சதம் எடுத்துட்டுத்தான் குடுத்தீக்கிறேன். அந்தாள் பேசிட்டுப் போறது கேக்கலையா?"

கருவாட்டுப் பொட்டலத்தோடு மேட்டில் ஏறும்போது வாய்க்குள்ளேயே பெருக்கினேன். இருபத்தெட்டு ரூபாய், இருபத்தெட்டு முக்கால் ரூபாய். இருபத்தெட்டும் இருபத்தொன்றும். நாற்பத்தொன்பது. கூட வந்தவள் ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்குக் கால் வலிக்கிறது என்றேன். கொஞ்ச தூரம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அதுவும் ஒரு பாவமாகச் சேர்ந்தது.

நாற்பத்தொன்பது ரூபாய். எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு இருக்குமா என்று தெரியாது. சித்தி கணக்கப்பிள்ளை மனைவி மாதிரி சட்டை போட்டுக்கொண்டு தனி வீட்டில் இருந்திருக்க வேண்டியவள். நான் நூறால் பெருக்கவேண்டிய இடத்தில் வகுத்து அவளைத் திரும்ப ரப்பர் மரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அவர் யாரிடமாவது என் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, ஒரு தடவை அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. மலாயாவுக்குக் கடிதம் எழுதலாம் என்று நினைத்தேன். விலாசம் தெரியாது. பெரியவர் கப்பலேறிப் போயிருப்பார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்த ஆட்டு வியாபாரியைப் பற்றிக் கேட்டபோது விடை தெரிந்தும் கையைத் தூக்கவில்லை. சோறு இறங்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பெருமூச்சு விட்டால் எனக்காக; சட்டியைக் கீழே வைக்கும்போது சத்தம் வந்தால் எனக்காக. அவள் வழக்கம்போலச் சிரித்த நாட்களில் அது வெளிவேஷம் என்று நினைத்து இன்னும் பயந்தேன்.

நாலைந்து நாளைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலையில்லாத நாள். மத்தியானம் பீலிக்கு என்னைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போனாள் சித்தி. மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் இடம். மற்றப் பெண்கள் குளித்துவிட்டுப் போயிருந்தார்கள். சித்தி விரல் இடுக்கில் காய்ந்திருந்த ரப்பர் பாலைக் கல்லில் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமல் சொல்வதுதான் சுலபம் என்று தோன்றியது.

"சித்தி, அது பதினாறு இல்ல."

"எது?"

"இருபத்தெட்டு வெள்ளி. அது நாப்பத்தொம்பது ரூவா. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தேன். நானாவின் கடை, வியாபாரி, ஒன்றே முக்கால் எல்லாவற்றையும் அழுகையினூடே சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே என்றேன். பிறகு, சொன்னாலும் பரவாயில்லை என்றேன். சித்தி விரலைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அம்பத்தேழுல பாதி எவ்வளவுடி?" என்று கேட்டாள்.

"இருபத்தெட்டரை."

"நூறுல பாதி?"

"அம்பது."

"இதுக்கு எதுக்கு அன்னைக்கு சிலேட்டுப் பூரா அத்தன கோடு போட்ட?"

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஐம்பத்தேழு வெள்ளி நூறு ரூபாயென்றால், அதில் பாதி வெள்ளிக்குப் பாதி ரூபாய். பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். அந்தப் பெரியவர் பேசியபோது உள்ளே இருந்த சித்தி காதில் விழுந்த ஒரு வாக்கியத்தைச் சிதறாமல் வைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துத் தெரிந்த நானும், இருபது ஆட்களைக் கட்டி மேய்த்த அப்பாவும் அதைச் சிதறவிட்டோம்.

"அன்னைக்கே தெரியுமா சித்தி?"

"நீ எச்சி தொட்டு அழிச்சு ரெண்டாந்தடவ போட்டியே, அதுக்கும் முந்தியே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"என்கிட்ட யாரு கேட்டா?" என்றாள் சித்தி.

சிரித்தபடிதான் சொன்னாள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்லிவிட்டு என்னைப் பீலிக்குக் கீழே இழுத்து நிறுத்தி, தலையில் தண்ணீர் விழவைத்து, காதுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்தாள். அழுகிற பிள்ளையைக் குளிப்பாட்டினால் எது கண்ணீர் எது தண்ணீர் என்று தெரியாது. அந்த வசதிக்காகத்தான் பெரியவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கிப்போனது. சித்திக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் சும்மா இருந்தாள், அப்படியென்றால் அவளுக்குப் போக இஷ்டமில்லை. என் தப்பு அவளுக்கு உதவிதான் செய்திருக்கிறது. ஒன்பது வயது மூளைக்கு இதைவிட ஒழுங்கான விடை எங்கே கிடைக்கும்? அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மறுநாள் ஆட்டு வியாபாரிக்கு என்ன இலாபம் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

அப்பாவிடம் சித்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் கடைசிவரை, மலாயாக்காரன் கணக்கை என் மகள் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு வருடம் கழித்துச் சித்தியை அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. சம்பளம் நம் ஊர்ச் சதத்தில் வந்ததால் யாரும் சிலேட்டை எடுக்கச் சொல்லவில்லை. நல்ல மனிதர். சித்திக்கு மூன்று பிள்ளைகள். குறை என்று அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பினாங்குக்குக் கப்பல் எத்தனை நாள் ஓடும் என்று அவரிடம் கேட்டாள். ஐந்தாறு நாள் இருக்கும், ஏன் சித்தி என்றார் அவர். சும்மாதான் தம்பி, கேட்கத் தோன்றியது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கையிலிருந்த இளைய பிள்ளையை மடிமாற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டது நாட்களைத் தெரிந்துகொள்வதற்கா? சும்மாதானா? ஒன்றுமில்லாததை நான்தான் ஊதிப் பெரிதாக்குகிறேனா? பின்னாலேயே எழுந்துபோய்க் கேட்டிருக்கலாம். இருபது வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்டு, வருகிற விடையை வைத்துக்கொண்டு நானும் அவளும் என்ன செய்வது என்று தோன்றியது. கேட்கவில்லை.

அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை என்று நான் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்தப் பீலியடியில் சித்தியைக் கேட்க ஒருத்தி இருந்தாள். போக ஆசையா சித்தி என்று மூன்று சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் ஒன்பது வயதான அவளுக்குத் தன் தப்பு மன்னிக்கப்பட்டதா என்பது மட்டும்தான் தெரியவேண்டியிருந்தது. யாரு கேட்டா என்று சொல்லி என்னைத் தண்ணீருக்குக் கீழே நிறுத்தியபிறகு சித்தி என் தலையிலிருந்து கையை எடுக்காமல் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். என் கண்ணில் தண்ணீர் போய்விட்டது, துடைத்து முடிக்கட்டும் என்றுதான் காத்திருக்கிறாள் என்று நினைத்து, நான் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.